ஈவ்லின் மறந்த வரி

ஈவ்லின் வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய கோப்பு ஒன்று கிடைக்கவில்லை என்றால் யாரும் முதலில் பீரோவைத் திறக்க மாட்டார்கள். அவளைத்தான் கேட்பார்கள். மழையளவையும் பயிர்ப் பரப்பையும் கணக்கெடுத்து மேலே அனுப்புகிற சிறிய அரசு அலுவலகம் அது. எந்த வருடம் எந்தக் கடிதம் எந்த எண்ணில் போனது என்பது அவளுக்கு மனப்பாடம். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவளைச் சோதித்துப் பார்ப்பார்கள். "பதினஞ்சாம் வருஷம் வெள்ளத்தப்போ தாம்பரத்துல எவ்ளோ மழை மேடம்?" தட்டச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நாப்பத்தொன்பது சென்டிமீட்டர்" என்பாள்.

மற்றபடி அவளைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, செவ்வந்தி நகரில் அரை கிரவுண்டில் வீடு. கணவன் ஆபேல் ஏ.சி. மெக்கானிக். பிள்ளைகள் இல்லை. காலையில் ஏழே முக்கால் ரயில், மாலையில் ஆறு மணி ரயில், ஞாயிற்றுக்கிழமை பூசை. முப்பது வருட வேலையில் ஒரு மெமோ வாங்கியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கண்காணிப்பாளர் சத்யப்ரியா அவளைக் கூப்பிட்டாள். "லஞ்ச ஒழிப்புல இருந்து லெட்டர் வந்திருக்கு மேடம். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஒரு லேடி ஸ்டாஃப் போகணும். எதுக்குன்னு சொல்ல மாட்டாங்க. உங்க பேரைக் குடுத்துட்டேன். நீங்கதான் எதையும் மறக்க மாட்டீங்களே."

லஞ்சம் வாங்குகிறவரைக் கையும் களவுமாகப் பிடிக்கும்போது, அந்த விவகாரத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத வேறு துறை ஊழியர்கள் இருவரைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். ஒருவர் அதிகாரிகளோடு வெளியே நிற்பார். இன்னொருவர் புகார் கொடுத்தவரோடு உள்ளே போய், பேசுவதைக் காதால் கேட்டு, கொடுப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். உள்ளே போகிற ஆள் ஈவ்லின் என்று முடிவாயிற்று.

புகார் கொடுத்தவள் பூவம்மாள். கடலோரக் குப்பத்துக்காரி. இருபது வருடமாகச் சாலையோரத்தில் உட்கார்ந்து மீன் விற்றவள். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று எழுப்பிவிட்டு, பக்கத்திலேயே இருபத்துநாலு கடைகளோடு புது மீன் மார்க்கெட் கட்டியிருந்தார்கள். யாருக்குக் கடை என்ற பட்டியல் அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. கையில் இருந்தது. ஒரு கடைக்கு நாற்பதாயிரம் என்று அவர் விலை வைத்திருந்தார். மற்றவர்கள் புரட்டிக் கொடுத்துவிட்டார்கள். பூவம்மாள் பஸ் ஏறிப் போய்ப் புகார் கொடுத்துவிட்டாள்.

அதிகாரிகள் நோட்டுகளில் ஒரு வெள்ளைப் பொடியைத் தடவினார்கள். பொடி பட்ட விரலைச் சோடாத் தண்ணீரில் முக்கினால் தண்ணீர் ரோஜா நிறமாகும் என்று செய்து காட்டினார்கள். பூவம்மாள் தண்ணீரைப் பார்க்கவில்லை. ஈவ்லினின் இஸ்திரி போட்ட காட்டன் புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, நீ என் தம்பி பொண்டாட்டின்னு சொல்லிக்கிறேன். வாயத் தொறக்காத. தொறந்தா இங்கிலீஷ் வந்துடும்."

எம்.எல்.ஏ. வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மனுவோடு பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். அவர் உருட்டி மிரட்டுகிற மனிதர் இல்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவர். பூவம்மாளை உள் அறைக்குக் கூப்பிட்டு, பணத்தைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்தார்.

"இன்னா பூவம்மா, சொன்ன நாப்பதும் கீதா? இன்னா இது, நோட்டுலகூட மீன் வாடை அடிக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மரியாதைக்காக ஈவ்லினும் சிரித்துவிட்டாள். அடுத்த நிமிடம் அதிகாரிகள் உள்ளே வந்தார்கள். அவர் விரல்களை முக்கியதும் தண்ணீர் நிறம் மாறியது. அதைப் பாட்டிலில் ஊற்றி, மூடி, அரக்கு வைத்து, சீட்டு ஒட்டினார்கள். எல்லாச் சீட்டிலும் ஈவ்லின் கையெழுத்துப் போட்டாள். அன்றிரவு ஆபேலிடம், "ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன், என்னன்னு சொல்லக் கூடாது" என்றாள்.

கட்சி அவரை எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கியது. ஐந்தே மாதத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. எம்.எல்.ஏ. மீது வழக்கு நடத்த அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கோப்பு ஒரு வருடம் எட்டு மாதம் யார் மேசையிலோ கிடந்தது. அதுவரை அவர் சட்டசபைக்குப் போய்வந்தார். குடிநீரைப் பற்றிக் கேள்வி கேட்டார். பூவம்மாள் மார்க்கெட்டுக்கு வெளியே, அகலப்படுத்திய சாலையின் ஓரத்தில், போலீஸ் வரும்போதெல்லாம் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அந்த இடைவெளியில் ஆபேல் இறந்துபோனான். ஐப்பசி மழையில், ஒரு கம்பெனி மொட்டை மாடியில் ஏ.சி. பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. செவ்வந்தி நகர்த் தேவாலயத்தின் பங்குக்குச் சொந்தமாகக் கல்லறைத் தோட்டம் கிடையாது. ஒரு தோட்டத்தில் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். இன்னொன்றில் வெளிப் பங்குக்காரர்களை அனுமதிப்பதில்லை என்றார்கள். மூன்றாவதில் குடும்பக் கல்லறை இருந்தால்தான் என்றார்கள். ஒன்றரை நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்து, கடைசியில் செங்கல்பட்டுக்கு அப்பால் அவனுடைய சித்தப்பா ஊரில் அடக்கம் செய்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை, கல்லறைத் திருநாளன்று, இரண்டு பஸ் மாறி அவள் அங்கே போய் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வருவாள்.

சம்மன் வந்த வாரத்தில் ஜெரோம் வீட்டுக்கு வந்தான். பங்குப் பேரவைச் செயலாளர். ஆபேலைச் சுமந்த நாலு பேரில் ஒருவன். காபியைக் குடித்து முடித்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, கல்லறைக்கு இடம் ரெடி. அரை ஏக்கர். நம்ம எம்.எல்.ஏ. அண்ணன்தான் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய்ப் பேசிக்கிட்டிருக்காரு. அவரு உள்ள போயிட்டா ஃபைலும் உள்ள போயிடும்."

ஈவ்லின் காலி டம்ளரை வாங்கக் கையை நீட்டினாள்.

"உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. சத்தியமா சொல்லல. போனது உண்மை, பணம் இருந்தது உண்மை, தண்ணி கலர் மாறுனது உண்மை, எல்லாம் சொல்லுங்க. ஒரே ஒரு வரிதான் அக்கா. அது மட்டும் ஞாபகத்துல இல்லைன்னா போதும்."

"எந்த வரி?" என்று கேட்டாள் ஈவ்லின்.

அப்படிக் கேட்டபோதே சம்மதித்துவிட்டோம் என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த நேரத்தில் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. பாட்டில் இருக்கிறது. அதில் தன் கையெழுத்து இருக்கிறது. ஒரு வரியை மறப்பதால் அந்த மனிதர் தப்பிவிடப் போவதில்லை. பாட்டில் பேசும். அதற்குள் பட்டா கைக்கு வந்துவிடும். அடுத்தவர் வீட்டில் ஒன்றரை நாள் ஐஸ் பெட்டி இருக்காது. யாருக்கும் நஷ்டமில்லாத கணக்கு என்று அவள் நம்பினாள். கணக்கில் அவள் அதுவரை தவறியதில்லை.

எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வழக்கை விசாரிக்கிற சிறப்பு நீதிமன்றத்தின் நடைபாதையில் பூவம்மாள் அவளுக்காகக் காத்திருந்தாள். போன வாய்தாவில் பூவம்மாளின் சாட்சியம் முடிந்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் மூன்று மணி நேரம் அவளைக் குடைந்திருந்தார். கடை கிடைக்காத கோபத்தில் திருவிழா நன்கொடையை லஞ்சம் என்கிறாய், பணத்தை நீயாகக் கையில் திணித்தாய் என்றாராம்.

"பொய்க்காரின்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டான் கண்ணு. நான் இன்னா பண்ணுவேன், கத்திட்டேன். ஜட்ஜம்மா கத்தாதம்மான்னாங்க. நீ கத்த மாட்ட. படிச்சவ நீ ஒரு வார்த்த சொன்னா போதும்." மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து ஈவ்லினின் கைப்பையில் திணித்தாள். "நெத்திலிக் கருவாடு. மணலு இல்லாம நானே காய வெச்சது."

அரசு வக்கீலும் உள்ளே போகுமுன் ஒரு நிமிடம் நிறுத்தினார். "ரொம்ப சிம்பிள் மேடம். தண்டனை வந்தா அன்னிக்கே எம்.எல்.ஏ. பதவி போயிடும். ஆறு வருஷத்துக்கு எலெக்‌ஷன்ல நிக்க முடியாது. இந்த நாட்டுல இவங்களை எறக்கறதுக்கு அது ஒண்ணுதான் வழி. பணம் கேட்டாருன்னு நிரூபிக்கணும். அந்த அம்மாவைத் தவிர அதைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

அப்போதுகூடத் திரும்பியிருக்கலாம். கைப்பையில் கருவாடு மணத்துக்கொண்டிருந்தது.

கூண்டில் ஏறினாள். வீட்டுக்குப் போனதைச் சொன்னாள். பணத்தைக் கைப்பற்றியதை எழுதிய மகஜரில் இருப்பது தன் கையெழுத்து என்றாள். பாட்டில்களை அடையாளம் காட்டினாள். குற்றம் சாட்டப்பட்டவர் என்ன பேசினார் என்று கேட்டபோது, "ஏதோ பேசினாங்க. எனக்கு ஞாபகம் இல்லை" என்றாள். அரசு வக்கீல் அவளுடைய பழைய வாக்குமூலத்தை எடுத்து வரி வரியாகப் படித்து, இப்படிச் சொன்னீர்களா, இல்லையா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் அதே பதிலைச் சொன்னாள். பிறழ் சாட்சி என்று பதிவானது. அவள் இறங்கும்போது பூவம்மாள் கதவருகே நின்றிருந்தாள். வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

தீர்ப்பை ஈவ்லின் ரயிலில் பக்கத்துக்காரரின் செய்தித்தாளில் படித்தாள். புகார் கொடுத்தவர் ஏமாற்றத்தில் இருந்தவர், அவர் சொல்வதை நடுநிலைச் சாட்சி உறுதி செய்யவில்லை, பணம் கையில் இருந்ததாலேயே கேட்டு வாங்கியதாக ஆகிவிடாது, நன்கொடை என்ற வாதத்தை ஒதுக்க முடியவில்லை, சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. பாட்டிலைப் பற்றி இரண்டே வரி. அது தன் பங்குக்கு நிறம் மாறியிருந்தது. அதற்கு மேல் அதால் என்ன பேச முடியும்? நடுநிலைச் சாட்சி என்ற சொல்லை அவள் மூன்று முறை படித்தாள். பக்கத்துக்காரர் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

'நீதி வென்றது' என்று தாம்பரம் தாண்டி மேம்பாலத் தூண்களிலெல்லாம் சுவரொட்டி. அடுத்து வந்த தேர்தலில் போன முறையைவிடக் கூடுதல் வாக்கில் அவர் ஜெயித்தார்.

அலுவலகத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கோப்பு கிடைக்காவிட்டால் இப்போது பீரோவைத் திறந்தார்கள். ஒருநாள் அவளாகவே ஒரு எண்ணைச் சொன்னபோது, புதிதாக வந்த நிகில் சிரிக்காமல் கேட்டான். "கன்ஃபர்மா மேடம்? அப்புறம் ஞாபகம் இல்லைன்னு சொல்லிடாதீங்க." யாரோ இருமினார்கள். ஈவ்லின் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சின்னச் சின்னப் பாவங்களுக்கு நடுவில் வைத்து, "ஒரு தடவை பொய் சொன்னேன் ஃபாதர்" என்றாள். ஃபாதர் பரிகாரமாக மூன்று 'அருள்நிறை மரியே' செபம் சொல்லச் சொன்னார். அவள் முப்பது சொன்னாள். கருவாட்டுக் கவர் சமையலறைப் பரணில் பிரிக்காமல் கிடந்தது. சமைக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

கல்லறைத் தோட்டம் திறந்தார்கள். அந்த ஒன்றில் எம்.எல்.ஏ. வாக்குத் தவறவில்லை. சுற்றுச்சுவர், இரும்பு கேட், கேட்டுக்குப் பக்கத்தில் கறுப்புக் கல்லில் அவர் பெயர். மேடையில் பங்குத் தந்தைக்கும் பேரவைக்காரர்களுக்கும் சால்வை போட்ட பிறகு, கூட்டத்தில் ஐந்தாவது வரிசையில் இருந்த ஈவ்லினை அவர் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஜெரோம் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனான்.

"இந்த இடம் கெடைச்சதுல நம்ம ஈவ்லின் அம்மாவுக்கும் பங்கு உண்டு. எப்படின்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் அவர்.

கூட்டம் சிரித்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சால்வை கழுத்தில் விழுந்தபோது கேமராவுக்காக அவளும் சிரித்தாள். அந்த மனிதரின் தமாஷுக்கு அவள் சிரித்தது அது இரண்டாவது முறை. முதல் முறை சிரித்த அறை, நோட்டுகளைப் புரட்டிய விரல்கள், பக்கத்தில் சிரிக்காமல் நின்ற பூவம்மாள், எல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் அவளுக்கு முன் வந்து நின்றன. ஆபேல் இருந்திருந்தால் இந்த இடத்தில் படுக்கச் சம்மதித்திருப்பானா என்று யோசித்தாள். அவனைச் சித்தப்பா ஊரிலேயே விட்டது நல்லதாயிற்று என்று முதல் முறையாக நினைத்தாள்.

பணி ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போது மெமோ வந்தது. அரசு ஊழியர்கள் பயந்து உச்சரிக்கிற 'பதினேழு பி'. நீதிமன்றத்தில் பிறழ் சாட்சியாக மாறியதற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். பதில் சரியில்லை என்றால் ஓய்வூதியம் நிற்கும். பொய்ச்சாட்சி வழக்குகூட வரலாம்.

சத்யப்ரியாவே ஒரு பதிலைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தாள். "சம்பவம் நடந்து நாலு வருஷம், நடுவுல ஹஸ்பண்ட் தவறிட்டாரு, மன உளைச்சல்ல ஞாபகம் மங்கிடுச்சு. அவ்ளோதான் மேடம். இதைக் குடுத்தா ஒரு கண்டிப்போட முடிஞ்சிடும். சைன் பண்ணுங்க."

ஆபேல் பெயர் அந்தத் தாளில் இரண்டாவது வரியில் இருந்தது. ஈவ்லின் அதைப் பத்து நாள் கைப்பையில் வைத்திருந்தாள். பதினோராம் நாள் தன் கையாலேயே வேறொன்று எழுதினாள். பாதிப் பக்கம்கூட வரவில்லை. சத்யப்ரியா படித்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு வைக்கிற முத்திரையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்கு அப்புறம் இதை யாரும் திருப்பிக் குடுக்க மாட்டாங்க மேடம். கவர்மென்ட்ல அப்பீல் போறாங்களா இல்லையான்னே தெரியல. இது எதுக்காவது உதவுமா?"

"தெரியாது. போடுங்க" என்றாள் ஈவ்லின்.

சனிக்கிழமை காலை அதன் நகலை எடுத்துக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போனாள். இருபத்துநாலு கடையிலும் வியாபாரம் மும்முரமாக இருந்தது. பூவம்மாள் வெளியே, கேட்டுக்கு எதிரில், ஒரு கிழிந்த பேனர் நிழலில் உட்கார்ந்து சங்கரா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நண்டு விற்கிற பெரியவர் ரத்தினம். பூவம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அரிவாள்மனையிலிருந்து கை விலகவில்லை.

"இன்னா மேடம். வழி ஞாபகம் இருந்துச்சா?"

கண்ணு போய் மேடம் வந்திருந்தது. ஈவ்லின் தாளை நீட்டினாள்.

"இன்னாது?"

"ஆபீஸுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். உங்களுக்கு ஒரு காப்பி."

"எனக்கு எழுத்து வராது. அதையும் மறந்துட்டியா?" பூவம்மாள் அடுத்த மீனை எடுத்தாள். "படி."

"இங்கயா?"

"நான் கோர்ட்டுல அத்தினி பேரு நடுவால சொன்னேன். நீ மீனு முன்னாடி சொல்லக் கூடாதா? படி."

மீன் வாங்க நின்றவர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஈவ்லின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். தணிந்த குரலில் படித்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்லை என்று நீதிமன்றத்தில் நான் சொன்னது பொய். 'சொன்ன நாப்பதும் கீதா' என்று அவர் கேட்டதை என் காதால் கேட்டேன். அன்றும் நினைவிருந்தது. கூண்டில் நின்றபோதும் நினைவிருந்தது. திருமதி பூவம்மாள் சொன்னது அத்தனையும் உண்மை. பிறர் தூண்டியதால் செய்தேன் என்று நான் சொல்ல விரும்பவில்லை. இதனால் வரும் எந்தத் தண்டனைக்கும் கட்டுப்படுகிறேன்."

பூவம்மாள் கையில் ஒட்டிய செதிலைத் துடைத்தாள்.

"அதுல மீன் வாடைன்னு சொன்னானே, அத்த எழுதலியா?"

"எழுதலை."

"அதான் எனக்கு ராத்திரில எரியும். நாப்பதுகூட இல்ல." தண்ணீரை எடுத்து மீன் மேல் தெளித்தாள். "இப்ப அவன் பதவி போயிடுமா?"

"போகாது. அப்பீல் போனாத்தான். போனாலும் தெரியாது."

"எனக்குக் கடை?"

ஈவ்லின் தலையை ஆட்டினாள்.

"அப்ப இத்த வெச்சுகினு நான் இன்னா பண்றது, மீன் மடிக்கிறதா?" பக்கத்தில் ரத்தினம் காதருகே கையைக் குவித்து, என்ன விஷயம் என்று சைகையில் கேட்டார். பூவம்மாள் அவரைப் பார்த்துவிட்டு ஈவ்லினிடம் திரும்பினாள். "ரத்தினம் அண்ணனுக்குக் காது மந்தம். என்னைப் பொய்க்காரின்னு மார்க்கெட்டு பூரா பேசினப்ப மட்டும் நல்லாக் கேட்டுச்சு. இன்னொரு தபா படி. சத்தமா."

கடைகளுக்குள்ளிருந்தும் இப்போது சிலர் எட்டிப் பார்த்தார்கள். ஈவ்லின் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு அது தேவையில்லை என்று தோன்றியது. மடித்துப் பூவம்மாளின் கூடையருகே வைத்துவிட்டு, நிமிர்ந்து, முதல் வரியிலிருந்து பார்க்காமல் சொல்லத் தொடங்கினாள்.